அந்தப் பைப்பைத் திருத்தியது நான் அல்ல

செந்தூரன்,

சனிக்கிழமை மத்தியானம் நீ பேஸ்மென்றிலிருந்து படியேறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, நீங்கள் பெரிய ஆள்தான்" என்று சொன்னாய். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் போய்விட்டேன். உன் வாயிலிருந்து அப்படியொரு சொல் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. கிடைத்ததை உடனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. வீட்டின் பின்சுவரில் ஒழுகிக்கொண்டிருந்த, தோட்டத்துக்குத் தண்ணீர் திறக்கிற அந்த வெளிப் பைப்பைத் திருத்தியது நான் அல்ல. நான் கையை மட்டும் கொடுத்தேன். திருத்தியது உன் மனைவி நித்யா.

இதை நேரில் சொல்லலாம். நீ கீழே இருக்கிறாய், நான் மேலே இருக்கிறேன், நடுவில் ஒரு படிக்கட்டுத்தான். ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியும். கதைக்க வந்தால் வெளியே வெயிலா மழையா என்று தொடங்கி, அதிலேயே முடித்துக்கொண்டு திரும்பி விடுவேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம். இந்தப் பக்கத்தையே பல தடவை கிழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் நிலைமையை வரிசையாக வைக்கிறேன். வரிசை இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் வராது. ஒஷாவாவில் இருக்கும் உன் வீட்டை விட்டு, ஒரு பையோடு இங்கே ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட்டிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு நீ வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. வரும் வெள்ளிக்கிழமை நித்யாவின் அம்மா திருச்சியிலிருந்து வந்து இறங்குகிறார். கணவரை இழந்த பிறகு மகளிடம் முதல் தடவையாக வருகிறார். மருமகன் வீட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நித்யா சொல்லவில்லை. அவர் வந்து அதைத் தன் கண்ணால் கண்டால், தன் வரவால்தான் இது நடந்தது என்று விளங்கிக்கொள்வார். பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போகப் பார்ப்பார். அதன் பிறகு நீ என்ன செய்தாலும் நித்யா அதை மறக்கமாட்டாள். இன்றைக்கு இது உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் மனத்தாங்கல். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது வேறொன்றாகிவிடும். எனக்கு இருக்கிற பயம் இதுதான். மிச்சமெல்லாம் இந்தப் பயத்தைச் சுற்றி எழுதுவதுதான்.

இனிப் பைப்புக்கு வருகிறேன். இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து வெளிப் பைப்பை மூடுவது என் வேலை. அம்மா கத்தரிக் கன்றுக்கும் மிளகாய்க் கன்றுக்கும் தண்ணீர் விட்டுவிட்டு, ஒரு கையால் கைபிடியைத் திருப்பிவிட்டு உள்ளே வந்துவிடுவாள். நான் அடுப்பையும் கதவையும் பார்க்கிற மாதிரி அதையும் போய்ப் பார்ப்பேன். பார்த்தால், மூடிய பைப்பிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கும். மூடியும் வருகிறதே என்று இன்னும் கொஞ்சம் முறுக்குவேன். பிறகும் வரும். இரண்டு கையாலும் முறுக்குவேன். சிறிது நேரத்தில் நின்றுவிடும். நான் முறுக்கியதால்தான் நின்றது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருவேன். அம்மா சமையலறை ஜன்னலால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "பைப்பை ஆரேனும் கழட்டிக்கொண்டு போகப் போறானே? உப்பிடி முறுக்கிறியள்" என்பாள். கவனமாக இருப்பவனைப் பார்த்து உலகம் சிரிக்கும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடம் குளிர் விட்டு, அம்மா கன்றுகளை வெளியே வைத்த நாளிலிருந்து, எவ்வளவு முறுக்கியும் அது நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்து, சுவரோரம் மண் ஊறி, பேஸ்மென்றில் நீ படுக்கிற மூலையில் ஈரம் தெரியத் தொடங்கியது. நீ கட்டிலை இழுத்து மறுபக்கம் போட்டாய். அம்மாதான் கண்டுபிடித்தாள். "பிள்ளை படுக்கிற இடம் நனையுது, நீங்கள் பேப்பர் வாசிச்சுக்கொண்டு இருக்கிறியள்" என்றாள். ஒரு பிளம்பரை அழைத்தேன். "அடுத்த கிழமை வாறன் அங்கிள்" என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். பிறகு அழைக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

கடைக்குப் போய், பைப்புக்குள் போடுகிற இறப்பர் வளையம், அந்த வாசர், வாங்குவோம் என்று நீதான் என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனாய். அந்தப் பயணத்தில்தான் நடந்ததை நீ முதல் தடவையாக வாய் திறந்து சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. லோறன்ஸ் வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது நீயாகவே தொடங்கினாய். நித்யா தன் அம்மாவைக் கூப்பிட்டு ஆறு மாதம் வைத்திருக்கப் போகிறேன் என்றபோது, நீ சாப்பாட்டு மேசையில் ஒரு சொல் சொல்லிவிட்டாய். "எனக்கு என்ர வீட்டுக்குள்ள இன்னொரு அம்மா தேவையில்லை."

"களைச்சுப்போய் வந்து சொன்னது அப்பா. அடுத்த நாளே சொறி சொல்லீட்டன். மாமிக்குப் பிளேன் ரிக்கெற்றும் நான்தான் புக் பண்ணினன். இன்னும் என்ன செய்ய?" என்றாய்.

"பிறகு?" என்றேன்.

"பிறகும் அதேதான். பாத்திரம் கழுவேக்க அந்தக் கதை. காரில ஏறினால் அந்தக் கதை. முடிஞ்சுபோன விஷயம், இனி எடுக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது? சொல்லச் சொல்லத்தான் கூடக் கதைக்கிறாள்."

"ம்" என்றேன். பச்சை விழுந்தது. அதற்குள் கடை வந்துவிட்டது. அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு நீ செய்தது எல்லாம் சரியாகத்தான் பட்டது. மன்னிப்புக் கேட்டாய், கேட்டதைச் செய்தும் கொடுத்தாய். ஒரு விஷயத்தை மூடுவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வாசர் கையில் வந்த பிறகு எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. நான் பௌதிகம் படித்தவன். தண்ணீர் எப்படி உறைகிறது, உறைந்தால் ஏன் விரிகிறது என்று பாடம் எடுக்கச் சொன்னால் எடுப்பேன். ஆனால் ஸ்பனரை நட்டில் வைத்ததும் கை நின்றுவிட்டது. உடைந்தால்? சுவருக்குள் தண்ணீர் பாய்ந்தால்? இந்த வீட்டில் எது பழுதாகும்போதும், புகை அலாரம் விட்டுவிட்டுக் கத்தியபோதும், நான் அழைப்பது நித்யா ஒருத்தியைத்தான். வங்கியில் வேலை செய்கிற உன் மனைவியைப் பற்றி நீ, "அவள் கழட்டிப் பாக்காத சாமான் எங்கட வீட்டில இல்லை" என்று முன்பெல்லாம் பெருமையாகச் சொல்வாய். நீ இங்கே வந்த பிறகு அவளை அழைக்க எனக்கு முகம் இருக்கவில்லை. இருந்தும் சனிக்கிழமை காலை, நீ குளித்துக்கொண்டிருந்தபோது, பின்வளவில் நின்று அழைத்தேன்.

"சொல்லுங்க மாமா. சாப்பிட்டீங்களா?"

"ஓம் பிள்ளை. ஒரு பைப் விஷயம்."

"வெளிப் பைப்பா? ஒழுகுதா?"

"ஓம். வாசர் வாங்கியாச்சு. கழட்டத்தான் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"உடைஞ்சிட்டால்?"

"உடைஞ்சா வேற மாத்திக்கலாம். பைப்தானே மாமா" என்றாள். பிறகு அலுவலகக் குரலில் தொடங்கினாள். முதலில் உள்ளே தண்ணீரை மறிக்க வேண்டும். கைபிடியைக் கழட்ட வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கிற நட்டைக் கழட்ட வேண்டும். நீளமாக ஒரு கம்பி வரும், அதன் நுனியில்தான் வாசர். "ஆனா ஒண்ணு மாமா. நட்டைத் திருப்பும்போது சுவருக்குள்ள இருக்கற குழாயும் சேந்து திரும்பிடும். ஒட்டு விட்டுப் போயிடும். உள்ள நின்னு ஒருத்தர் அந்தக் குழாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்."

"உள்ளுக்க ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டேன். உண்மையாகவே யோசிக்காமல்தான் கேட்டேன்.

"அவன் இருக்கான்ல" என்றாள். இரண்டு வாரத்தில் அவள் உன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் சொல் அது. "நான் லைன்ல இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க மாமா."

அதனால்தான் அன்று என் காதில் போனின் அந்தச் சின்ன வயர் இருந்தது. போனைப் பூச்சட்டியில் சாய்த்து, அவளுக்குப் பைப் தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். நீ பேஸ்மென்றில் ஏணியில் ஏறி, பெரிய ஸ்பனரால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஜன்னல் திறந்திருந்தது. உன் குரல் எனக்குக் கேட்டது. என் காதுக்குள் இருந்தவளுக்கும் கேட்டது. இது உனக்குத் தெரியாமல் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

"தம்பி, இறுக்கிப் பிடி" என்றேன்.

"பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். நீங்கள் திருப்புங்கோ."

நட்டு அசையவில்லை. திரும்பவும் முயன்றேன். அசையவில்லை.

"அப்பா, ஏலாட்டி விடுங்கோ. அந்தப் பிளம்பரையே திரும்பக் கூப்பிடுவம்."

என் காதில் நித்யா சொன்னாள்: "இவன் எப்பவும் இப்படித்தான் மாமா. ஒரு தடவை திருப்பிப் பார்ப்பான். வரலைன்னா விட்டுட்டுப் போயிடுவான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ அதைக் கேட்டுவிட்டாய்.

"என்ன சிரிக்கிறியள்? ஆரோட கதைக்கிறியள் அங்கை?"

"பைப்போட."

"சரி. தனியக் கதைக்கத் தொடங்கீட்டியள். அம்மாட்டைச் சொல்லத்தான் வேணும்."

என் காதுக்குள் அவளும் சிரித்தாள். சத்தம் வராமல் வாயை மூடிக்கொண்டு சிரிப்பது கேட்டது. அந்த நிமிடத்தில், சுவருக்கு உள்ளே நீ, வெளியே நான், ஒஷாவாவில் அவள், மூன்று பேரும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு இப்படியெல்லாம் தோன்றுவது குறைவு. உடனே ஸ்பனரைப் பார்த்துக்கொண்டேன்.

நட்டில் சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னாள். அம்மா கேத்திலைக் கொண்டுவந்து தந்துவிட்டு, என் காதை ஒரு மாதிரிப் பார்த்தாள். "என்ன, பாட்டுக் கேட்டுக்கொண்டோ பைப் திருத்துறியள்?" என்றாள். ஓம் என்றேன். சுடுதண்ணீர் ஊற்றிய பிறகு நட்டு இளகியது. கம்பியைப் பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது, என் முழங்கை நீளத்துக்கு. நுனியில் இருந்த வாசரைப் போனுக்கு முன்னால் பிடித்தேன்.

"மாமா, இது தேஞ்சு போகல. நசுங்கிப் போயிருக்கு. நடுவுல வெடிச்சிருக்கு பாருங்க. ரொம்ப முறுக்குவீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"மூடின பிறகும் தண்ணி வருது, பிள்ளை. அதுதான்."

"வரணும் மாமா. அது குளிருக்குன்னு செஞ்ச பைப். தண்ணியை மறிக்கிற இடம் உள்ள, சூடா இருக்கற பக்கம். மூடினதுக்கு அப்புறம், இந்த நீளக் குழாய்ல மிச்சம் நிக்கற தண்ணி வெளிய வந்துடணும். அப்பதான் குளிர்ல உறைஞ்சு வெடிக்காது. அது ஒழுகல் இல்ல. அது பாட்டுக்கு வந்து, தானா நிக்கும். நீங்க அதை நிறுத்தப் போய்த்தான் வாசர் போச்சு."

நான் கையில் அந்த நசிந்த இறப்பர்த் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். நான் முறுக்கி நிறுத்தியதாக நினைத்த அத்தனை தடவையும் அது தானாகத்தான் நின்றிருக்கிறது. என் முறுக்கல் அதைப் பழுதாக்கியது மட்டுமே.

புது வாசரைப் போட்டு, கம்பியைத் திரும்ப ஏற்றி, நட்டைப் பூட்டி, கைபிடியையும் வைத்த பிறகு, தண்ணீரைத் திறக்கச் சொல்லி உனக்குக் குரல் கொடுத்தேன். பைப்பைத் திறந்தேன். நன்றாக வந்தது. மூடினேன். வந்துகொண்டிருந்தது. என் கை தன்பாட்டில் கைபிடிக்குப் போனது.

"மாமா, கை" என்றாள் நித்யா. "விடுங்க. நிக்கும்."

கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். தண்ணீர் ஒரு நூலாக வந்தது.

"அப்பா, முடிஞ்சுதோ?" என்று நீ உள்ளே இருந்து கேட்டாய்.

"பொறு."

"இன்னும் என்னத்துக்குப் பொறுக்கிறது? பூட்டியாச்சுத்தானே?"

"பூட்டியாச்சு. வாறது வந்து முடியட்டும்."

நீ உள்ளே நின்றாய். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் காதில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தண்ணீர் சொட்டாகியது. பிறகு இல்லை.

"நின்னுடுச்சா?"

"நிண்டிட்டுது, பிள்ளை."

"சரி மாமா. வெச்சுடறேன்" என்றாள். நான் நன்றி சொல்வதற்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் நீ மேலே வந்து என்னைப் பெரிய ஆள் என்றாய்.

செந்தூரன், நித்யாவைப் பைப்போடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதே. மனிதர் பைப் இல்லை. அது எனக்குத் தெரியும். உவமை சொல்லித் தப்பிக்கிறார் அப்பா என்று நீ சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் சோறு சாப்பிட இருந்தபோது, காரில் நீ சொன்னது எனக்கு வேறு விதமாகக் கேட்டது. நீ மூடியதில் பிழையில்லை. மன்னிப்புக் கேட்டாய், ரிக்கெற் எடுத்தாய். அந்த விஷயம் உண்மையாகவே மூடியாகிவிட்டது. அதற்குப் பிறகும் அவளிடமிருந்து வந்தது புதுச் சண்டை அல்ல. உள்ளே மிச்சம் நின்றதுதான். அது வெளியே வரத்தான் வேண்டும். வரும்போதெல்லாம் நீ "முடிஞ்ச விஷயம்" என்று முறுக்கினாய். பிறகும் வந்ததால் இன்னும் முறுக்கினாய். கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாய்.

நீ சின்னவனாக இருந்தபோது நடந்த ஒன்று உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மாவுக்கு வேலை நாள். உன்னைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோவில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குப் போனேன். சப்பாத்துக் கடையில் நான் அளவு பார்த்துக்கொண்டிருந்த நேரம் நீ எங்கேயோ போய்விட்டாய். தேடி ஓடினேன். ஒரு காவலாளி உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நீ அப்போது அழவில்லை. ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன், சாப்பிட்டாய். எல்லாம் முடிந்து பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அழத் தொடங்கினாய். "இப்ப ஏனப்பன் அழுகிறாய்? அப்பா வந்திட்டன்தானே?" என்று கேட்டேன். அதற்கு நீ இன்னும் அழுதாய். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். முன்னால் இருந்த ஒரு அன்ரி, "தம்பி, பிள்ளையை அதட்டி நிப்பாட்டும்" என்று என்னிடம் சொன்னார். அதட்ட எனக்கு வராது. எனக்கு வேறொன்றும் தெரியாததால் உன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாங்கள் இறங்குகிற பஸ் தரிப்பு வருவதற்குள் நீயாகவே நிறுத்தி, மூக்கைத் துடைத்து, "அந்தச் சப்பாத்து எனக்குப் பெரிசு அப்பா" என்றாய். என் வாழ்க்கையில் நான் தற்செயலாகச் சரியாகச் செய்த ஒரு காரியம் அது. அதைச் செய்யவைத்தது அறிவு அல்ல, பயம்தான். அதனால் அதை வைத்து உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் அன்று மீண்ட பிறகு அழுத பிள்ளை நீதான். நீ அந்த அழுகையை நடிப்பு என்றோ பிடிவாதம் என்றோ சொல்லமாட்டாய் என்று நினைக்கிறேன்.

அவள் திரும்ப அந்தக் கதையை எடுக்கும்போது என்ன செய்வது என்று நீ கேட்டால், என்னால் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மன்னிப்பை இன்னொரு தடவை நீட்டாதே; உன் மன்னிப்பு அவளுக்குக் கிடைத்துவிட்டது. நியாயமும் சொல்லாதே. ரிக்கெற் எடுத்ததை ஞாபகப்படுத்தாதே. அவள் அப்பா காலமான பிறகு, திருச்சி வீட்டில் ஒற்றைத் தட்டு வைத்துச் சாப்பிடுகிற ஒரு பெண்ணைப் பற்றித்தான் நீ அந்தச் சொல்லைச் சொன்னாய். அவள் சொல்வதற்கெல்லாம், "ஓம், சொன்னனான்" என்று மட்டும் சொல். போனைக் கையில் எடுக்காதே. எழும்பிப் போகாதே. எவ்வளவு நேரம் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அது நிற்கும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை. அதுவும் நித்யா எனக்குக் கற்றுத் தந்த நம்பிக்கைதான்.

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டமானது. நீ இங்கே இருக்கக்கூடாது. அம்மாவுக்கு இது தெரிந்தால் என்னோடு கதைக்கமாட்டாள். நீ வந்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. காலையில் புட்டு, மத்தியானம் மீன் குழம்பு, நீ வேலையால் வருகிற நேரத்துக்கு வடை. "பிள்ளை நல்லா மெலிஞ்சு போனான்" என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். நீ மெலியவில்லை. அவள் நித்யாவில் குறை காண்பவள் அல்ல. நீ வந்தது அவளுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். எனக்கும் சந்தோஷம்தான். கீழே ஆள் நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டு நித்திரை கொள்வது நல்லாயிருக்கிறது. அதனால்தான் இரண்டு வாரமாக வாய் திறக்காமல் இருந்தேன். ஆனால் உனக்கு இங்கே ஒவ்வொரு நாளும் சுகமாகிக்கொண்டு போகிறது, அங்கே அவளுக்கு ஒவ்வொரு நாளும் கடினமாகிக்கொண்டு போகிறது. இப்போது ஈரமும் காய்ந்துவிட்டது. கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறாய். அதைக் கண்டபோதுதான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த வீட்டுக் கதவு உனக்கு எந்த நாளும் திறந்திருக்கும். ஆனால் நித்யாவும் உன்னோடு வந்து நிற்கிற கதவாக அது இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் என்னை அழைத்தாள். பைப் சொட்டுகிறதா என்று கேட்கத்தான் எடுத்தேன் என்றாள். இல்லை என்றேன். பிறகும் வைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை அம்மா வராங்க மாமா. ஏர்போர்ட்ல வந்து இறங்கினதும் 'மாப்பிள்ளை எங்க?'ன்னுதான் கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

என் வாய் என்னைக் கேளாமல், "நான் வாறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டது. "மாமனார் வந்து நிண்டால் அவவுக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

"வழியிலதான் உங்க வீடு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லணும். ஆனா அவன் இருக்கறப்ப அந்த வாசல்ல வந்து நிக்க என்னால முடியாது மாமா."

"வேண்டாம். நானே காரை எடுத்துக்கொண்டு வாறன்."

"நீங்க 401 ஹைவேல ஓட்டவே மாட்டீங்களே."

"ஓடுவன்."

"மாமா, நிஜமாவா?"

"ஓம்" என்றேன்.

இவ்வளவு காலம் இந்த நாட்டில் கார் ஓடியும் நான் அந்தப் பெருந்தெருவில் ஏறியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். நேற்று உனக்கும் அம்மாவுக்கும் சொல்லாமல், காலையில், வாகனங்கள் குறைந்த நேரம் பார்த்து ஏறிப் பழகிப் பார்த்தேன். வலப்பக்க ஓரத்திலேயே போனேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடுத்த வெளிவாசலில் இறங்கி ஒரு கோப்பிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை முழுத் தூரமும் போவேன்.

சனிக்கிழமை தான் லைனில் இருப்பதை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் நித்யா கேட்டாள். அதற்குப் பிறகும் சொல்லக்கூடாது என்று அவள் கேட்கவில்லை. இது ஒரு நொண்டிச் சாட்டு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நீ இதற்குப் பதில் எழுத வேண்டாம். மேலே வந்து என்னோடு கதைக்கவும் வேண்டாம். கதைத்தால் நாங்கள் இருவரும் மழையைப் பற்றித்தான் கதைப்போம். விமானம் பின்னேரம் வருகிறது. நான் மத்தியானமே புறப்பட்டுவிடுவேன், நீ நித்யாவிடம் போவாயா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். பயணிகள் வெளியே வருகிற அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், கூட்டத்தில் எங்கேயாவது ஓரமாக நிற்பேன். நித்யாவுக்குப் பக்கத்தில் நீ நிற்பதைக் கண்டால், உங்களுக்குக் கிட்ட வரமாட்டேன். சம்பந்தி அம்மாவை வேறொரு நாள் ஒஷாவாவுக்கு வந்து பார்ப்பேன். வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிடாமல், கை காட்டாமல், காரை எடுத்துக்கொண்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.